முதுகு ஜவ்வுக்கும் தொப்பைக் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்?



குழுக் கூட்டம் முடிஞ்சு எழுந்திருக்கும்போது கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வச்சு, "அம்மாடி"ன்னு சொல்லிக்கிட்டு எழுந்திருக்கிறவங்க நம்மில் எத்தனை பேர்! களை எடுத்து வந்த வலி, தண்ணீர் தூக்கி வந்த வலி, தையல் மெஷினில் உட்கார்ந்து வந்த வலி என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வோம். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஸ்கேன், பெல்ட், ஊசி என்று உள்கடன் வாங்கிச் செலவு செய்கிறவர்களும் உண்டு.

நம்மால் குனிய முடியவில்லை என்றால் அன்றைக்குக் கூலி போச்சு. நாலு நாள் படுத்தால் சந்தா கட்ட முடியாது, தவணையும் நிற்கும். அதனால் முதுகுவலி நமக்கு உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை, குடும்ப வருமானம் சம்பந்தப்பட்டதும்கூட. அதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதுகு ஜவ்வு தேய்வதற்குப் பாரமும் வயதும் காரணம் என்று ரொம்ப நாளாக நமக்குத் தெரியும். இப்போது ஆராய்ச்சி செய்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நம் உடம்பில் சேரும் கொழுப்பு, குறிப்பாக வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அந்த ஹார்மோன்களும் ஜவ்வு தேய்வதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அது எப்படி என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

ஜவ்வு என்றால் என்ன?

நம் முதுகெலும்பு ஒரே கம்பு மாதிரி இல்லை. சின்னச் சின்ன எலும்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல இருக்கும். எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க நடுவில் மெத்தை மாதிரி ஒரு பொருள் உண்டு. அதைத்தான் டாக்டர்கள் டிஸ்க் என்கிறார்கள். நாம் ஜவ்வு என்கிறோம். கழுத்திலிருந்து இடுப்பு வரை மொத்தம் 23 ஜவ்வுகள் இருக்கின்றன.

ஒவ்வொரு ஜவ்விலும் இரண்டு பாகம். நடுவில் நுங்கு மாதிரி வழவழப்பான ஒரு பகுதி. அதைச் சுற்றி, நார் நாராகப் பல அடுக்காகப் பின்னிய கெட்டியான வளையம். நடுப்பகுதியில் இளவயதில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். அந்தத் தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைத்திருப்பது அக்ரிகன் என்ற சத்துப்பொருள். அக்ரிகன் இருக்கும் வரை ஜவ்வு உப்பலாக இருக்கும், பாரத்தைத் தாங்கும். அது குறைந்தால் தண்ணீர் குறையும், ஜவ்வு வற்றித் தட்டையாகும். இதைத்தான் தேய்மானம் என்கிறோம்.

காலையில் எழுந்ததும் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்போம், தெரியுமா? பகல் முழுக்க நின்று, உட்கார்ந்து, தூக்கி வேலை செய்யும்போது ஜவ்விலிருந்து கொஞ்சம் தண்ணீர் பிழியப்படுகிறது. ராத்திரி படுத்ததும் அது திரும்ப ஊறிக்கொள்கிறது. தினமும் இப்படித்தான் நடக்கிறது.

ஜவ்வுக்கு ஒரு கஷ்டமும் இருக்கிறது. பெரியவர்களின் ஜவ்வுக்கு உள்ளே ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து மண்பானையில் தண்ணீர் கசிவது போலக் கசிந்து வரும் சத்தை வைத்துத்தான் அது பிழைக்கிறது. அதனால் ஒரு தடவை கெட்டுப்போனால், கையில் பட்ட காயம் ஆறுவது போலச் சீக்கிரம் ஆறாது.

பாரம் மட்டும்தான் காரணமா?

உடல் எடை கூடினால் முதுகுக்குப் பாரம் கூடும். அது உண்மைதான். சுவீடன் நாட்டு டாக்டர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி, உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்து பார்த்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது, குனிந்து பாரம் தூக்கும்போது இன்னும் நன்றாகக் கூடுகிறது என்று கண்டார். பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கி, பொருளை உடம்போடு ஒட்டி வைத்துத் தூக்கச் சொல்வது இதனால்தான்.

ஆனால் பாரத்தை மட்டும் சொன்னால் கணக்கு முழுசாக இடிக்கிறது. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று: பின்லாந்தில் ஒரே மாதிரி இரட்டையர்களாகப் பிறந்த ஆண்கள் 115 ஜோடிகளை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 1995-ல் வெளிவந்தது. ஒருவர் வாழ்நாள் எல்லாம் பாரம் தூக்கியிருப்பார், மற்றவர் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பார். ஆனாலும் இருவரின் ஜவ்வும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. வேலையின் பாரத்தைவிடப் பரம்பரையின் பங்குதான் பெரிதாக இருந்தது.

இரண்டு: ஹாங்காங்கில் 2,599 பேருக்கு இடுப்பு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. எடை கூடியவர்களிடம் ஜவ்வுத் தேய்மானம் அதிகமாகவும், அதிக இடங்களிலும் இருந்தது. எடைக்கும் ஜவ்வுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது இதில் தெரிகிறது.

மூன்று: இதுதான் நம்மை யோசிக்க வைப்பது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு முழங்கால் மூட்டு தேய்கிறது. சரி, அது உடம்பைச் சுமக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கை விரல் மூட்டுகளும் மற்றவர்களைவிட அதிகமாகத் தேய்கின்றன. நாம் என்ன, கைவிரலால் நடக்கிறோமா? விரல் மூட்டு உடம்பின் எடையைச் சுமப்பதே இல்லை. அப்படியென்றால் எடை என்ற பாரத்தைத் தாண்டி, ரத்தத்தின் வழியாக வேறு ஏதோ ஒன்று மூட்டுகளைப் போய்த் தொடுகிறது என்றுதானே அர்த்தம்? அந்த வேறு ஏதோ ஒன்றைத் தேடிப் போனவர்கள் கொழுப்பிடம் வந்து சேர்ந்தார்கள்.

கொழுப்பு சும்மா கிடப்பதில்லை

முன்பெல்லாம் கொழுப்பை ஒரு குதிர் மாதிரி நினைத்தார்கள். மிஞ்சினதைக் கொட்டி வைப்பது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான் என்று. நம் சேமிப்புக் கணக்கு மாதிரி.

1994-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்பவரின் குழுவினர் கொழுப்பிலிருந்து வரும் ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் "மெலிந்த" என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. "வீட்டில் போதுமான சரக்கு இருக்கிறது, இனிச் சாப்பிட வேண்டாம்" என்று மூளைக்குச் செய்தி சொல்வது லெப்டினின் வேலை. அதன்பிறகு கொழுப்பிலிருந்து வரும் ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. இவற்றை மொத்தமாக அடிப்போகைன் என்கிறார்கள். ஆக, கொழுப்பும் தைராய்டு, கணையம் மாதிரி ஹார்மோன் சுரக்கும் ஓர் உறுப்பு என்று ஆயிற்று.

நாம் இரண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

லெப்டின்: கொழுப்பு கூடக் கூட இதுவும் கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இயல்பாகவே அதிகம். கொழுப்பு அதிகமானவர்களுக்கு லெப்டின் நிறைய இருந்தும் பசி ஏன் அடங்குவதில்லை என்று கேட்பீர்கள். கோயில் திருவிழாவில் ரேடியோ செட் கட்டினால் முதல் நாள் காது கிழியும், மூன்றாம் நாள் அது பாட்டுக்குக் கத்தும், நாம் பாட்டுக்கு வேலை பார்ப்போம் இல்லையா? அது போல மூளைக்கு லெப்டினின் குரல் பழகிப் போகிறது. ஆனால் உடம்பின் மற்ற இடங்களில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அடிப்போநெக்டின்: இது நேர்மாறு. வயிற்றுக் கொழுப்பு கூடினால் இது குறையும். இது வீக்கத்தைத் தணிக்கும் குணம் உள்ளது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும் உதவுகிறது. தேவையானது குறைந்து, தேவையில்லாதது கூடும்போது கணக்கு இடிக்கத்தானே செய்யும்!

இவற்றோடு, நிறைந்துபோன கொழுப்பு அணுக்களும் அவற்றின் நடுவே வந்து சேரும் நோய் எதிர்ப்பு அணுக்களும் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற வீக்கம் உண்டாக்கும் பொருட்களையும் ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. காய்ச்சல் வராது, சிவந்து வீங்காது, நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உமி நெருப்பு மாதிரி உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

ஜவ்வுக்குள் என்ன நடக்கிறது?

லெப்டின் ஒரு கடிதம் என்றால், அதை வாங்குவதற்கு வீட்டில் ஒரு தபால் பெட்டி வேண்டும். 2007, 2008-ம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் மனித ஜவ்வின் அணுக்களில் லெப்டினை வாங்கும் பெட்டி இருப்பதைக் காட்டின. ரத்தக் குழாயே இல்லாத ஜவ்வுக்குக்கூடக் கொழுப்பின் கடிதம் போய்ச் சேர வழி இருக்கிறது.

கடிதம் போனால் என்ன ஆகும்? ஜவ்வில் தினமும் கட்டுகிற வேலையும் நடக்கும், இடிக்கிற வேலையும் நடக்கும். பழசைக் கரைத்துப் புதுசு வைப்பது இயற்கை. வரவும் செலவும் சரியாக இருந்தால் ஜவ்வு நன்றாக இருக்கும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனின்போது எடுத்த ஜவ்விலிருந்து அணுக்களைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அதில் லெப்டின் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இடிக்கிற நொதிகள் கூடின. தண்ணீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகன் குறைந்தது. அதாவது வரவு குறைந்து செலவு கூடியது. டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற வீக்கப் பொருட்களும் சேர்ந்துகொண்டால் இந்த இடிப்பு வேலை இன்னும் வேகமாகிறது. அடிப்போநெக்டின் இந்த வீக்கத்தைக் குறைப்பதாகச் சில சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. கொழுப்பு கூடும்போது சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் கூடும். இடுப்புப் பகுதிக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கினால், கசிந்து வரும் சத்தை நம்பியிருக்கும் ஜவ்வு பட்டினி கிடக்கும்.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் நடப்பது எல்லாம் அப்படியே மனித உடம்பிலும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. கொழுப்பு ஹார்மோன்தான் ஜவ்வைத் தேய்க்கிறது என்று முடிவாக நிரூபணம் ஆகவில்லை. வயது, பரம்பரை, பாரம், புகை இவற்றோடு இதுவும் ஒரு காரணமாகச் சேருகிறது என்பதற்கு அடையாளங்கள் பலமாக இருக்கின்றன. இந்த அளவுக்குத்தான் இன்றைக்குச் சொல்ல முடியும். அதனால் "லெப்டின் டெஸ்ட் எடுங்க, லெப்டின் குறைக்கிற மாத்திரை தர்றோம்" என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். முதுகுவலிக்கு அந்த டெஸ்டும் தேவையில்லை, அப்படி ஒரு மருந்தும் கிடையாது.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?"

இதைப் படிக்கும் சகோதரிகளில் சிலர் இப்படி நினைப்பீர்கள். எடை குறைவாக இருந்தாலும் நம் நாட்டுக்காரர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் குணம் அதிகம். 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனே நகரத்து டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டன் டாக்டர் ஜான் யுட்கின். உயரத்துக்கு எடை என்று கணக்குப் போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே அளவு, 22.3. ஆனால் உடம்புக்குள் இருந்த கொழுப்பு, லண்டன்காரருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, நம் நாட்டுக்காரருக்கு 21.2 பங்கு! வெளித்தோற்றத்தை வைத்து ஏமாறக்கூடாது என்பதற்கு இது ஒரு நல்ல பாடம்.

அதனால் எடை மெஷினைவிட நமக்குக் கைகொடுப்பது தையல் டேப்தான். நம் ஒவ்வொரு குழுவிலும் தையல் தெரிந்த ஒருவராவது இருப்பார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்கவும். இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-ல் கூடிப் பேசி வெளியிட்ட கணக்குப்படி, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 31½ அங்குலத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய அளவு.

மாதவிடாய் நிற்கும் வயதில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையக் குறைய, தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும். அதே காலத்தில் பெண்களுக்கு ஜவ்வுத் தேய்மானமும் வேகம் பிடிக்கிறது. 45 வயதைத் தாண்டிய சகோதரிகள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு 30.9 பேர். 2019-21-ல் அது 40.4 ஆகிவிட்டது. நம் குழுவில் 20 பேர் இருந்தால் அதில் 8 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பட்டணத்துப் பிரச்சினை மட்டும் என்று இனிச் சொல்ல முடியாது.

ஸ்கேனில் "தேய்மானம்" என்று வந்தால்?

இங்கேதான் நம் பணமும் நிம்மதியும் போகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் "டிஸ்க் தேய்மானம்" என்று எழுதியிருந்தால் இடிந்துபோக வேண்டாம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 37 பேருக்குத் தேய்மானம் இருந்தது. 40 வயதில் 68 பேருக்கு. 80 வயதில் 96 பேருக்கு. தலைமுடி நரைப்பது போலப் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நடுவயதில் ஜவ்வும் மாறுகிறது. தேய்மானம் இருக்கிறவர்களுக்கு எல்லாம் வலி இருப்பதில்லை. வலி இருக்கிறவர்களுக்கு எல்லாம் தேய்மானம்தான் காரணம் என்பதும் இல்லை.

ஆகவே சாதாரண முதுகுவலிக்கு முதல் வாரத்திலேயே கடன் வாங்கி ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கு 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய சரியான விளக்கத்தையும் அது முன்னால் வைக்கிறது. இடுப்புக்கு பெல்ட் கட்டுவதையும், எடை தொங்கவிட்டு இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் முதுகுவலி போய்விடும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கர்ப்பப்பையில் நோய் இருந்தால் அது வேறு. முதுகுவலிக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

வயதை மாற்ற முடியாது. பரம்பரையை மாற்ற முடியாது. கூலி வேலையை ஒரே நாளில் விட முடியாது. ஆனால் வயிற்றுக் கொழுப்பு நம் கைக்கு எட்டுகிற காரணம். அது குறைந்தால் லெப்டின் குறையும், வீக்கப் பொருட்களும் குறையும். முதுகுக்கு மட்டுமல்ல, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் முழங்காலுக்கும் சேர்த்து நன்மை.

நடப்போம்: "நாள் முழுக்க வேலைதானே செய்யுறோம், இதுல நடை வேறயா?" என்று கேட்பீர்கள். குனிந்தபடி ஒரே நிலையில் செய்யும் வேலை வேறு, கைவீசி நடப்பது வேறு. நடக்கும்போது ஜவ்வு லேசாக அமுங்கி விரிந்து சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் முதுகுவலி வந்து குணமான 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வரை நடக்கும்படி படிப்படியாகப் பழக்கியவர்களுக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. முதலில் பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். நாலு பேர் சேர்ந்து நடந்தால் பேச்சுத்துணையும் ஆச்சு.

தட்டைக் கவனிப்போம்: சோறு சாப்பிடக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சோற்றுக் குவியலைக் கொஞ்சம் குறைத்து, காயும் கீரையும் பயறும் கூட்டுங்கள். முட்டை, மீன், சுண்டல் தசைக்கு நல்லது. டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். எண்ணெய் ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர், எத்தனை லிட்டர் என்று கணக்குப் பாருங்கள்.

மிச்சத்தை விடுவோம்: பிள்ளைகள் வைத்த மிச்சம், சட்டியில் ஒட்டிய மிச்சம், "வீணாப் போகக்கூடாது"ன்னு கடைசியில் நம் வயிற்றுக்குத்தான் போகிறது. நம் வயிறு குப்பைத்தொட்டி இல்லை, சகோதரிகளே! அளவாகச் சமைத்தால் மிச்சமும் வராது.

பட்டினி வேண்டாம்: ஒரேயடியாகச் சாப்பாட்டை நிறுத்தினால் கொழுப்போடு முதுகைத் தாங்கும் தசையும் கரையும். ரத்தசோகை உள்ளவர்கள் இன்னும் பலவீனமாவார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் விரதம் இருக்கக்கூடாது. 70 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தாலே உடம்புக்கு நல்ல பலன் தெரியும்.

புகையிலை வேண்டாம்: நிக்கோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கி ஜவ்வுக்குப் போகும் சத்தைக் குறைக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் இதையும் நினைத்துப் பாருங்கள்.

படுத்தே கிடக்க வேண்டாம்: வலி வந்தால் ஒன்றிரண்டு நாள் வேலையைக் குறைக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் படுத்தால் தசை தளர்ந்து வலி இன்னும் நீளும். முடிந்த அளவு நடமாடுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

முதுகுவலியோடு கீழே சொன்னதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

- சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது
- தொடையின் உள்பக்கம், மறைவிடம் மரத்துப்போவது
- கால் பலம் இழப்பது, பாதம் தொய்ந்து செருப்பு நழுவுவது
- காய்ச்சல், அல்லது காரணமில்லாமல் எடை குறைவது
- கீழே விழுந்து அடிபட்ட பின் வந்த வலி
- ஏற்கெனவே புற்றுநோய் அல்லது காசநோய் இருந்தவர்களுக்கு வரும் புது வலி

முதல் மூன்றும் அவசரம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சகோதரிகளின் கேள்விகள்

கேள்வி: பிரசவ ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்துதான் வலி என்கிறார்களே?

பதில்: ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருடக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசை, குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிர்வது, கூடிய எடை இவையே பெரும்பாலும் காரணம்.

கேள்வி: எடை குறைத்தால் தேய்ந்த ஜவ்வு திரும்ப வளருமா?

பதில்: வளரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் இனித் தேயும் வேகத்தைக் குறைக்கவும், தசையைப் பலப்படுத்தி வலியோடு வரும் முடக்கத்தைக் குறைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அசலைத் திருப்ப முடியாவிட்டாலும் வட்டி ஏறாமல் நிறுத்துவது லாபம்தானே!

கேள்வி: குண்டாக இருப்பதால்தான் வலி என்று வீட்டில் குத்திக் காட்டுகிறார்கள். என்ன சொல்வது?

பதில்: பரம்பரை, வேலை, வயது, பிரசவம், ஹார்மோன் எல்லாம் சேர்ந்துதான் முதுகு வலிக்கிறது என்று இந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கேலி செய்தால் கொழுப்பு கரையாது. காலையில் அரை மணி நேரம் அவர்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டால், நீங்கள் நடந்துவிட்டு வரலாம்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஊக்குநரும் பிரதிநிதிகளும் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கும் இது போய்ச் சேர வேண்டும். பிறகு மூன்று காரியம் செய்யுங்கள். விருப்பம் உள்ளவர்களின் இடுப்பளவை அளந்து, அவரவர் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய அளவையும் சத்தமாகச் சொல்ல வேண்டாம். முதுகுவலிக்காகக் கடன் கேட்கும் சகோதரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாரா என்று அன்போடு கேளுங்கள், துணைக்கு ஓர் ஆளையும் அனுப்புங்கள். கூட்டத்துக்கு வாங்கும் பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு மாதம் சுண்டல் செய்து பாருங்கள்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். ஓர் அங்குலம் குறைந்திருந்தாலும் அது உங்கள் கணக்கில் ஏறிய சேமிப்புதான்.